குளிர்பெட்டிக்கு ஓர் ஆட்சேபணை

மார்ச் 16, ஞாயிறு

இந்தக் குறிப்பேட்டில் நான் நிலைநாட்ட இருப்பவை:

1. மங்கையர் தொண்டு மன்றத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை.
2. மன்றம் வாங்கப்போகும் குளிர்பெட்டியை என் வீட்டுக்கு எதிரில் உள்ள அறையில் வைப்பது முறையல்ல. சந்தின் அகலம் போதாது.
3. என் மனைவி உலகம்மாள் இறந்த அன்று, குளிர்பெட்டி கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.
4. மன்றத் தலைவி தங்கபுஷ்பம் டீச்சர் அன்று எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

கடைசி இரண்டுக்கும் முதல் இரண்டுக்கும் தொடர்பில்லை என்று படிப்பவருக்குத் தோன்றலாம். எனக்கே அதில் முழு நிச்சயம் இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டு நீதிமன்றத்தில் வேலை பார்த்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் நான். பிறர் மனுக்களில் குறை கண்டு திருப்பி அனுப்புவதே என் வேலையாக இருந்தது. சொந்தமாக ஒரு மனு போட்டதில்லை. அன்றன்று எழுதிய குறிப்புக்குச் சாட்சி மதிப்பு உண்டு என்பது மட்டும் தெரியும். மகள் பகவதி கௌஹாத்தியிலிருந்து வருகிறாள். சித்திரா பௌர்ணமியன்று அவள் அம்மாவின் இரண்டாம் ஆண்டுத் திதி. அவள் கேட்டால் காட்ட என்னிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

மன்றத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். புளியங்குடியில் பதினெட்டுப் பெண்கள் சேர்ந்து நடத்துவது. தொடங்கியவர்களில் உலகம்மாளும் ஒருத்தி. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி, பிரசவ வார்டுக்கு மின்விசிறி என்று செய்திருக்கிறார்கள். அவர்கள் பணம் சேர்க்கும் வழி பிடியரிசி. வீட்டுக்கு ஒரு பானை கொடுப்பார்கள். உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியை அதில் போட வேண்டும். வெள்ளிதோறும் சாக்கோடு வந்து வாங்கிப்போய் விற்பார்கள். இரண்டு ஆண்டாக அந்த அரிசி குளிர்பெட்டிக்குப் போகிறது. வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவர் உடல் கெடாமல் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி. அதை வைக்க, எங்கள் சந்தில் காலியாய்க் கிடந்த பழைய ரேஷன் கடை அறையை நகராட்சி அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. என் முன்வாசலில் நின்றால் அந்தக் கதவு நேராகத் தெரியும்.

என் வீட்டிலும் பானை இருக்கிறது. அவள் வைத்தது. நான் எடுக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

மனுவை மூன்று முறை எழுதினேன். முதல் படி மிகவும் பணிவாக இருந்தது. இரண்டாவது அதைவிடப் பணிவு. மூன்றாவதை உறையில் போட்டு நகராட்சிக்குப் போனேன். வாசலில் காவலாளி, "என்ன வேணும் பெரியவரே?" என்றார். தண்ணீர் வரியின் கடைசித் தேதி கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

கொடுத்துவிட்டேன். முத்திரையிட்ட நகல் இருக்கிறது. சந்தின் அகலம் ஒன்பதடி நான்கு அங்குலம். மூன்று இடங்களில் அளந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

பிடியரிசி வாங்க சாலாச்சி வந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். மன்றத்தில் நாக்கு நீளம் அவளுக்குத்தான். நான் பானையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது சாக்கை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"சார், மனு குடுத்திருக்கியளாமே."

"ஆட்சேபணை. மனு வேறு, ஆட்சேபணை வேறு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ எங்க ஐஸ் பொட்டி வேண்டாம், எங்க சாக்குக்கு அரிசி மட்டும் வேணும். அப்படித்தான?"

"அரிசி உலகம்மாள் வைத்த வழக்கம்."

"பொட்டியும் உலகம்மா மைனி நெனச்சதுதான். அவுக போன பொறவுதான் டீச்சர் அதையே புடிச்சிட்டு அலையுதாக." சாக்கை உதறித் தோளில் போட்டாள். "அரிசிய நீங்களே பொங்கித் தின்னுங்க. ஒரு பிடி ஒரு பிடியா போட்ட அரிசி, நல்லா வேகும்."

பானையோடு உள்ளே வந்தேன். அதை எங்கே வைப்பது என்று சிறிது நேரம் தெரியவில்லை. பழைய இடத்திலேயே வைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

உலகம்மாளின் அண்ணன் பிச்சையா அத்தான் தென்காசியிலிருந்து வந்தார். எண்பத்திரண்டு வயதிலும் தனியாகப் பஸ் ஏறுகிறார். மனு விஷயம் அவருக்கும் எட்டியிருக்கிறது.

"நல்ல காரியம் பண்ணினீரு. பொணப்பொட்டிய நடு வாசல்ல வச்சா வீடு வெளங்குமா? பொம்பளைக எல்லாம் கூடி ஊரத் திருத்தப் போறாளுவளாம்."

"சந்தின் அகலம்தான் என் ஆட்சேபணை."

"அதச் சொல்லும், எதையாவது சொல்லும். நான் ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு நாம வெள்ளிக்கிழமையே சோலிய முடிச்சமே, அதுல எதாவது கொற வந்துச்சா? சனிக்கு விட்டிருந்தா? சனிப்பொணம் தனியாப் போகாது வே. கூட ஒருத்தரக் கூட்டிட்டுத்தான் போகும்."

அன்று அவசரப்படுத்தியது வெயில்தான் என்றேன். நூற்று நான்கு டிகிரி. அக்கினி நட்சத்திரம் தொடங்கி இரண்டாம் நாள். இதை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பகவதியிடமும்.

"வெயிலு ஒரு பக்கம்" என்று ஒப்புக்கொண்டு காபியை ஆற்றினார்.

மார்ச் 28, வெள்ளி

யாரும் வரவில்லை. வாசலில் பதினோரு மணிவரை இருந்தேன், செய்தித்தாளோடு.

ஏப்ரல் 2, புதன்

மன்றம் கோடைக்கால விற்பனைப் பந்தல் போட்டிருக்கிறது. ஆண்டுதோறும் பேருந்து நிலையத்தில் போடுவார்கள். இந்த முறை என் மதில்சுவரை ஒட்டி, என் வேப்பமரத்து நிழலில். எலுமிச்சை சர்பத், எலுமிச்சை ஊறுகாய், நார்த்தங்காய் வற்றல். நகராட்சி அனுமதி வாங்கியிருக்கிறார்கள். விசாரித்தேன். செல்லும்.

ஒலிபெருக்கி சாலாச்சியிடம்.

"தாய்மார்களே, அண்ணாச்சிமார்களே, ஒரு கிளாஸ் சர்பத், ஒரு தர்மம். இந்தச் சந்து ரொம்பக் குறுகல், ஒருத்தரு பின்னால ஒருத்தரா வாங்க. அகலம் எவ்வளவுன்னு சந்தேகம் இருந்தா எதிர்த்த வீட்டுல டேப்பு இருக்கு."

சிரிப்பு. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தும்போது தங்கபுஷ்பம் டீச்சரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். விசில் இன்னமும் கழுத்தில் தொங்குகிறது. உலகம்மாளின் முப்பது ஆண்டுச் சிநேகிதி. என்னை அண்ணாச்சி என்பார். இரண்டு ஆண்டாக என்னை எதுவும் சொல்லி அழைப்பதில்லை.

அதற்கு நான் காரணம் தேடியதில்லை. தேடியிருக்க வேண்டுமோ.

ஏப்ரல் 3, வியாழன்

பானை நிறைந்துவிட்டது. பிஸ்கட் டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மேற்கொண்டு வருவதை அதில் போடுகிறேன். நான் பொங்குவது ஒருவேளைக்கு அரை உழக்கு. அதில் ஒரு பிடி எடுத்தால் போதாமல்தான் இருக்கிறது. பழகிவிட்டது.

ஏப்ரல் 9, புதன்

விசாரணைக்கு நகராட்சிப் பொறியாளர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். சந்தில் ஒரு பக்கம் நான், மறு பக்கம் பதினெட்டுப் பெண்கள். என் கையில் கோப்பு. அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

வண்டி திரும்ப முடியாது என்பது என் வாதம். தங்கபுஷ்பம் டீச்சர் சந்து முனையைப் பார்த்து விசில் ஊதினார். ஒரு வேன் வந்தது. அவர் பின்னால் நடந்துகொண்டே ஊத, அது பின்புறமாக வந்து, அறை வாசலில் நின்று, திரும்பிப் போயிற்று. என் மதிலில் உரசவில்லை.

"மூன்று முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது" என்றேன்.

பொறியாளர், "எத்தனை தடவைன்னு ரூல்ல இல்லையே சார்" என்றார்.

"இல்லை. அதனால்தான் கேள்வி எழுகிறது."

சாலாச்சி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "இவுகளக் கட்டிட்டு மைனி நாப்பது வருசம் எப்படித்தான் இருந்தாகளோ."

டீச்சர் அப்போதுதான் வாய் திறந்தார். பொறியாளரைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்த்து அல்ல. "அவருட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க தம்பி. பொட்டிய எங்க வச்சா அவருக்குச் சம்மதம்? ஊருக்கு வெளிய வச்சாச் சரியா? இல்ல, அப்படி ஒரு பொட்டி இந்த உலகத்துலயே இருக்கக் கூடாதா?"

பொறியாளர் கேட்கவில்லை. மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்புவதாகவும், மே 15 வரை அறையைத் திறக்க வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்தார். அறை முடிவாகும்வரை பெட்டியைச் செய்ய வேண்டாம் என்று மதுரைக் கடைக்கு மன்றம் சொல்லிவிட்டதாகக் கேள்வி.

இரண்டாவது குறிப்பு நிற்கிறது. வென்றுவிட்டேன் என்று நினைக்கிறேன். இரவு உலை வைக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

பகவதி கைபேசியில் பேசினாள். மே ஒன்பதாம் தேதி வருகிறாள்.

"தங்கபுஷ்பம் அத்தை ஐஸ் பெட்டி வாங்கப் போறாங்களாமே அப்பா. அன்னைக்கு இது இருந்திருந்தா நான் அம்மா மொகத்தப் பாத்திருப்பேன்."

"ஆமாம்."

"ஒரு நா ராத்திரிதானப்பா. மறுநா பன்னெண்டு மணிக்கு வந்துட்டேன்."

"வெயில் அப்படி அம்மா."

"தெரியும். சொல்லிருக்கிய." பிறகு, "அந்த லேண்ட்லைன மறுபடி வாங்கிடுங்களேன். செல் கிடைக்கவே மாட்டேங்குது" என்றாள்.

பார்க்கலாம் என்றேன். கூடத்துத் தொலைபேசி இணைப்பைப் பதினாறாம் நாளன்றே எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டேன். அது மணியடிக்கும் ஓசை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

இன்று ஒரு வேலையை முறையாகச் செய்தேன். அன்றைய நாளை நேர வரிசையில் எழுதினேன்.

காலை 9.40: உலகம்மாள் மூச்சு நின்றது.
10.15: டாக்டர் வந்து உறுதி செய்தார்.
10.50: பகவதிக்குச் சொன்னோம். மறுநாள் நண்பகலுக்கு முன் வர இயலாது என்றாள். காத்திருக்கச் சொன்னாள்.
12.30: பிச்சையா அத்தான் வருகை. மாலைக்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்.
1.30: உறவினர் கூடினர். யாரும் மறுக்கவில்லை. முடிவை என்னிடம் விட்டனர்.
2.50 முதல் 3.00 வரை: குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை.
3.05: நான் சம்மதம் சொன்னேன்.
5.05: எடுத்தோம்.

திரும்பப் படித்தேன். பத்து நிமிடத்துக்கு மட்டும் தனியாக ஒரு வரி எதற்கு என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அடிக்கலாமா என்று பார்த்தேன். அடித்தல் திருத்தல் உள்ள ஆவணத்தை நானே எத்தனையோ முறை நிராகரித்திருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

பின்தெருவில் துட்டி. மன்றத்து முப்பிடாதியின் கணவர், பஸ் நடத்துநராக இருந்தவர், காலையில் இறந்துவிட்டார். ஒரே மகன் மஸ்கட்டில். ராஜபாளையத்தில் ஒரு சங்கத்திடம் இருக்கும் பெட்டி வேறு ஊருக்குப் போயிருக்கிறதாம்.

பதினொரு மணிக்கு ஐஸ் பாளங்களை ஏற்றிய மாட்டுவண்டி என் வாசலைத் தாண்டிப் போயிற்று. மரத்தூள் மூட்டைகளைப் பெண்களே தலையில் சுமந்து போனார்கள். சாலாச்சி என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "பாத்துக்கிடுங்க சார். வண்டி ஒரே தடவைல போயிட்டு."

மாலையில் இன்னொரு வண்டி. சந்து முழுக்க நீர்க்கோடு.

ஏப்ரல் 26, சனி

மகன் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தான். முப்பது மணி நேரம் பெண்கள் மாறி மாறி ஐஸ் மாற்றியிருக்கிறார்கள். ஐந்து மணிக்கு எடுத்தார்கள். சந்து முனையில் நின்று பார்த்தேன். சனிக்கிழமை என்பதால் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டியிருந்தார்கள். துணைக்கு அது போகும், ஆள் போக வேண்டியதில்லை என்பது கணக்கு.

அவ்வளவுதான் செய்தார்கள். ஒரு கோழிக்குஞ்சு.

ஏப்ரல் 27, ஞாயிறு

துட்டி கேட்கப் போனேன். போகாதிருந்தால் பேச்சு வரும். முப்பிடாதி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் மகன் கைகுவித்தான். ஒரு நாற்காலியில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்தேன்.

கொல்லைப்புறம் வழியாக வந்தபோது தங்கபுஷ்பம் டீச்சர் தனியாக நின்று, ஐஸ் வைத்திருந்த பெஞ்சைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன சார், சந்தளக்க வந்தியளா?"

இரண்டு ஆண்டில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"துட்டி கேட்க வந்தேன்."

"கேட்டாச்சுல்லா. பொறவு என்ன?"

போயிருக்க வேண்டும். "நேற்று சனிக்கிழமை" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "ஆமா, சனிக்கெழமதான். படிக்காத சனம். கோழிக்குஞ்ச கட்டிட்டு அவுக பாட்டுல தூக்கிட்டுப் போயிட்டாவ. ஒங்க ஆள்கள்ல கோழி கெடையாது, தேங்கா கட்டுவிய. ஒரு தேங்கா, சார். ஒங்க வீட்டுப் பின்னால மரமே நிக்கி."

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். வலது இடது மாறிவிட்டது.

"நான் யாருட்டயும் சொல்லல" என்றார். "மன்றத்துல ஒருத்திக்கும் தெரியாது. பகவதி எத்தனையோ தடவ போன்ல பேசிருக்கா, அவகிட்டயும் சொல்லல. ஒங்களுக்காவன்னு நெனச்சிராதிய. உலகம்மா ஒங்கள விட்டுக் குடுத்து ஒரு வார்த்த பேசினதில்ல. அதுக்காவ."

எதைச் சொல்லவில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

பிஸ்கட் டின்னில் வண்டு. வேப்பிலையும் மிளகாய் வற்றலும் போட்டேன்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் இன்று தொடக்கம். வானொலியில் நூற்றிரண்டு என்றார்கள்.

ஆட்சேபணையைத் திரும்பப் பெறும் கடிதம் ஒன்று எழுதிப் பார்த்தேன். காரணம் என்ற இடத்தில் நின்றுவிட்டது. காரணமில்லாத வாபஸை ஏற்பார்கள். ஆனால் நான் காரணம் எழுதாமல் எதையும் முடித்ததில்லை.

அந்த அறை திறந்தால் பகவதி வாசலில் நின்று நாளெல்லாம் அந்தப் பெட்டியைப் பார்ப்பாள். பார்த்தால் கேட்பாள். இதை எழுதிய பிறகுதான், நான் சந்தை எதற்காக அளந்தேன் என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

மே 9, வெள்ளி

பகவதி மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கினாள். இளைத்திருக்கிறாள். பயணப்பெட்டியைக் கூட உள்ளே வைக்காமல் எதிர் அறையைப் பார்த்தாள். பூட்டு, அதன் மேல் நகராட்சி அறிவிப்பு.

"ஏன்ப்பா பூட்டிக் கெடக்கு? சித்திரைக்குள்ள திறந்திருவோம்னு அத்தை சொன்னாங்களே."

"ஓர் ஆட்சேபணை வந்திருக்கிறது."

"யாரு?"

"எதிர்வீட்டுக்காரர் ஒருவர்."

சந்தின் இரு பக்கமும் பார்த்தாள். எதிர்வீடு ஒன்றுதான் இருக்கிறது.

பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மே 10, சனி

காலையில் தங்கபுஷ்பம் டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாள். பத்தே காலுக்குப் போனவள் ஒன்றேகாலுக்கு வந்தாள். மூன்று மணி நேரத்தில் எவ்வளவோ சொல்லலாம். அவள் கொடியில் துணி காயப்போடும்போது அருகில் போய் நின்றேன்.

"டீச்சர் என்ன சொன்னார்கள்?"

"அம்மாவப் பத்திப் பேசிட்டிருந்தோம். சாப்பாடு போட்டாங்க."

"வேறு?"

"நான் கேட்டேன். நீங்களும் அம்மாவும் அவ்வளவு சிநேகமா இருந்தியளே, அன்னைக்கு ஏன் வரலன்னு." துணியை உதறினாள். "ஒங்கப்பாட்ட கேளு, அவருதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆளு அப்படின்னாங்க. வேற ஒரு வார்த்த சொல்லல. என்னப்பா அது?"

திதி முடியட்டும் சொல்கிறேன் என்றேன்.

"சொல்ல என்னமோ இருக்குல்லா, அப்ப" என்றாள்.

மே 11, ஞாயிறு

ஒரே வீட்டில் இரண்டு பேர் அறுபது சொற்களில் ஒரு நாளைக் கழிக்க முடியும். எண்ணினேன். பெரும்பாலானவை உப்பு, மோர், மின்விசிறி சம்பந்தப்பட்டவை.

மே 12, திங்கள், சித்திரா பௌர்ணமி

மனிதர்களின் வரவு செலவைச் சித்திரகுப்தன் புரட்டிப் பார்க்கும் நாள் என்று உலகம்மாள் இன்று உப்பில்லாமல் சாப்பிடுவாள். அந்தக் கணக்கு எழுதுபவனும் என்னைப் போல ஒரு குமாஸ்தாதானே என்று கேலி செய்வேன். அவனாவது விடாமல் எழுதுவான் என்பாள்.

பத்து மணிக்குத் திதி முடிந்தது. காகம் உடனே வந்தது. பகவதி இலையை எடுத்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள். நான் அரிசி களைய நின்றேன். கை தானாக ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டது. அவள் அதைப் பார்த்தாள்.

"யாரும்தான் வாங்க வரலையே. பொறவு யாருக்குப் போடுதிய?"

அப்போது சொன்னேன். நின்றுகொண்டே, கையில் ஈர அரிசியோடு. சொன்னதை உள்ளபடி இங்கே எழுதுகிறேன்.

அன்று 2.50க்குக் கூடத்துத் தொலைபேசி மணியடித்தது. அருகில் இருந்தது நான்தான். பேசியது தங்கபுஷ்பம் டீச்சர். ராஜபாளையத்திலிருந்து. "அண்ணாச்சி, ஒரு சங்கத்துல ஐஸ் பொட்டி கெடச்சிட்டு. வேன்ல ஏத்தியாச்சு. பௌர்ணமிக் கூட்டம், ரோடு நகரல. ஆறு மணிக்குள்ள வந்திருவேன். பகவதி வாற வரைக்கும் வச்சிக்கிடலாம். எடுத்திராதிய" என்றார். சரி என்றேன்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் பிச்சையா அத்தான் நிற்கிறார். பின்னால் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர். யார் போனில் என்று கேட்டார். துட்டி விசாரிக்கிறார்கள் என்றேன். பெட்டி வருகிறது என்றால் சனிக்கிழமை எடுக்க வேண்டும். சனிப்பிணம் என்பார்கள். அத்தான் சத்தம் போடுவார். என் வீட்டில், அவள் கிடக்கும்போது, அத்தனை பேர் முன்னால் நான் ஒருவரை எதிர்த்துப் பேச வேண்டும். எனக்குச் சனிப்பிணத்தில் நம்பிக்கை கிடையாது. எம்.ஏ. படித்திருக்கிறேன். ஆனாலும் 3.05க்குச் சம்மதம் சொன்னேன். பிறகு எல்லோரிடமும் வெயில் என்று சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, அன்றைய வெயில் ஏறிக்கொண்டே போயிற்று.

டீச்சர் ஆறு மணி வாக்கில் பெட்டியோடு சந்து முனைக்கு வந்திருப்பார். நாங்கள் அப்போது ஆற்றங்கரையில் இருந்தோம்.

பகவதி அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மூணு மணிலேந்து நான் கல்கத்தா ஏர்போர்ட்ல நின்னு அந்த நம்பருக்கே அடிச்சிட்டிருந்தேன். எப்பப் பாத்தாலும் எங்கேஜ்டு. அத்தைட்டதான் பேசிட்டிருந்தியளா?"

"இல்லை. அது பத்து நிமிடம் கூட இல்லை." இதையும் சொல்ல வேண்டியிருந்தது. "பிறகு ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்."

அவள் பானையை இடுப்பிலும் டின்னைக் கையிலும் எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் அரிசி தரையில் சிந்தியது. திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனாள்.

நான் சட்டை மாட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றேன். காரணம்: ஆட்சேபணைக்கு அடிப்படை இல்லை. எழுத்தர், "நல்லா யோசிச்சிட்டியளா சார்?" என்றார். நகலில் முத்திரை வாங்கினேன்.

திரும்பும்போது அவர்கள் என் மதிலடியில், பந்தலில் இருந்தார்கள். நான்கு முறங்களில் என் அரிசியைப் பரப்பி வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பகவதி. குனிந்த தலை நிமிரவில்லை.

சாலாச்சி சொன்னாள்: "ஏழு வாரமா அடைச்சி வச்சிருக்காக. ஒரு வேப்பெலையாவது போட்டிருக்கலாம்."

வேப்பிலை போட்டிருந்தேன். சொல்லவில்லை.

தங்கபுஷ்பம் டீச்சர் எழுந்து வந்தார். நகலை நீட்டினேன். முழுதும் படித்தார், முத்திரைத் தேதி உட்பட. நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"சொல்லிட்டியளா?"

"சொல்லிவிட்டேன்."

"ரெண்டு வருசம்" என்றார். பிறகு, "மதுரைக்கு இப்பமே சொல்லிருதேன். பொட்டி இருபதாம் தேதிக்குள்ள வந்திரும். வேன் வாற நேரம் ஒங்க கேட்டச் சாத்தி வைங்க. தெறந்து கெடந்தா இடிக்கும்."

அண்ணாச்சி என்பாரோ என்று ஒரு கணம் நின்றேன். அவர் முறத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பகவதி இன்று இரவு டீச்சர் வீட்டில் தங்குகிறாள். துணிமணி வாங்கிப்போகச் சாலாச்சி வந்தாள். மடித்துக் கொடுத்தேன். வேறு ஒரு பானையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை வாங்க வருவார்களா, அல்லது என் கையால் அதைச் சும்மா நிறைக்கவா என்று தெரியவில்லை.

முதல் பக்கத்தைப் புரட்டினேன். ஒன்றாவது குறிப்பை மற்றவர்கள் தீர்மானிக்கட்டும். சந்து இன்னமும் ஒன்பதடி நான்கு அங்குலம்தான். டீச்சர் அன்று எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்பதும் உண்மை. நாங்கள் வீட்டில் வைத்திருந்தால் வந்திருப்பார்.

மூன்றாவது குறிப்பு தவறு. எனக்குச் சொன்னார்கள்.